எதிர்க்கடையில் மணி அடித்தது

பூக்கல் வியாபாரத்தில் கல் உடைந்து கெட்டவன் கொஞ்சம். சேதி உடைந்து கெட்டவன்தான் அதிகம். தரைக்குப் போடும் கல்லைச் செய்கிற பட்டறை ஆத்தங்குடியில். விற்கிற கடை காரைக்குடியில். வாங்குகிறவர் மதுரையில். நடுவில் நிற்கிற தரகன், எந்தச் சேதியை எதில் அனுப்புவது என்று தெரியாமல் தினம் ஒரு தடவை சாகவேண்டும். உங்களில் யாராவது இப்படி மூன்று ஊருக்கு நடுவில் நின்று தொண்டை கிழியக் கத்தியிருந்தால், நான் சொல்லப்போவது எதுவும் உங்களுக்குப் புதிதாக இருக்காது. கூட உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் நடுவில் ஆரம்பிக்கிறேன். என் பெயர் மாணிக்கம். பள்ளிக்கூடம் என்னை ஐந்தாம் வகுப்போடு விட்டுவிட்டது. மிச்சத்தை லாரியும் சந்தையும் அடித்துச் சொல்லிக்கொடுத்தன. முதலில் கல் சுமந்தேன், பிறகு கல் விற்றேன், பேரம் பேசிப் பேசியே ஒரு கடையும் பிடித்தேன். என் பிழைப்பில் முக்கால்வாசி ஒரே ஆளை நம்பித்தான் ஓடியது: மதுரைக் காண்ட்ராக்டர் ரங்கசாமி நாயுடு. அவர் என்னை விட்டால் நான் மறுபடி தலையில் சும்மாடு வைத்துக் கல் சுமக்க வேண்டியதுதான். எதிர்க்கடைக்காரன் வைரவன். என்னோடு ஒரே லாரியில் கல் ஏற்றியவன். அதே வியாபாரம், அதே வயது, என்னைவிட ஒரு பிடி குள்ளம். அவனிடம் இருந்ததில் என்னிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றுதான் என்னைப் பத்து வருஷம் தூங்கவிடவில்லை.

சீரில் வந்த டெலிபோன்

எங்கள் பக்கத்தில் கல்யாணச் சீரை ஊரே பார்க்கும்படி பரப்பி வைப்பார்கள். வைரவன் கல்யாணத்திலும் பரப்பியிருந்தார்கள். பித்தளை ஒரு வரிசை, எவர்சில்வர் ஒரு வரிசை, பாய், பெட்டி, ஊறுகாய் ஜாடி. எல்லாவற்றுக்கும் நடுவில் அவன் மாமனார் ஒரு வெள்ளித் தாம்பாளம் வைத்திருந்தார். அவர் திருப்பத்தூர்ப் பக்கம் அரிசி மில் வைத்திருந்தவர். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் கிழங்கு, அதன்மேல் மடித்த காகிதம் ஒன்று. மாப்பிள்ளை கடைக்கு டெலிபோன் வேண்டுமென்று பணம் கட்டிய ரசீது அது. பெண்டுகள் நகையை விட்டுவிட்டு அதைக் குனிந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அதற்கப்புறம் பந்தியில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சில மாதத்தில் போன் வந்து சேர்ந்தது. கறுப்பாக, கனமாக, சந்தனம் குங்குமம் வைத்து ஒரு முக்காலியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. தெருவைப் பார்த்து என்றால் என் கடையைப் பார்த்து. மணி அடிக்கும்போதெல்லாம் என் கை தானாக நின்றுவிடும். இது எத்தனையாவது மணி, எடுத்துவிட்டானா, சிரிக்கிறானா, எழுதிக்கொள்கிறானா, எல்லாம் கவனிப்பேன். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த என் சம்சாரம் அழகம்மை இதை நாலு நாள் பார்த்தாள். ஐந்தாம் நாள் தூக்குச் சட்டியை ஓசை வர வைத்துவிட்டுச் சொன்னாள்:

"மணிச் சத்தம் கேட்டா எல்லாரும் கன்னத்துல போட்டுக்குவாக. நீங்க மட்டும் என்னத்துக்குப் பல்லைக் கடிக்கிறீக?"

அட்டைக்கு முன்னால் போன பஸ்

என் ஆயுதம் அஞ்சலட்டை. மலிவு. வெயிலில் கிடந்தாலும் எழுத்து அழியாது. ஆனால் அதில் ஒரு கெடுதல் உண்டு. கோபம் வந்த நிமிஷத்தில் கையெட்டும் தூரத்தில் இருக்கும். நாயுடுவுக்கு மாதிரிக் கல் அனுப்பி வெகுநாளாகியும் பதில் இல்லை. எதிரில் மணி அடித்தது. வைரவன் எழுந்து நின்று, "சரிங்க, சரிங்க, நீங்க சொன்னாச் சரிங்க" என்று குழைந்தான். நாயுடுதான் கூப்பிடுகிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அட்டையை எடுத்தேன். 'பதில் போட ஒரு அட்டை வாங்க வக்கில்லாதவர் ஊராருக்கு பங்களா கட்டிக் கொடுப்பது எதற்கு?' என்று தொடங்கி, இடம் போதாமல் ஓரத்தில் சுற்றிச் சுற்றி எழுதி, விலாசத்துக்கு மேலேயும் இரண்டு வரி திட்டிப் பெட்டியில் போட்டேன். போட்ட கையோடு மனசுக்கு ரொம்ப இதமாக இருந்தது.

விடிந்ததும் புத்தி வந்தது. போட்ட அட்டையைத் திரும்பக் கேட்டால் தரமாட்டார்கள். அது ராத்திரியே ரயில் ஏறியிருக்கும். முதல் பஸ்ஸைப் பிடித்து மதுரைக்கு ஓடினேன். நாயுடு வீட்டு முன்னறைதான் அவருடைய ஆபீஸ். போய் உட்கார்ந்து, "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று கும்பிட்டேன். காப்பி வந்தது. அவருடைய தாயார் மூட்டுவலியைக்கூட விசாரித்தேன். தபால்காரர் வந்தால் முந்திக்கொண்டு வாங்கிவிடலாம் என்பது திட்டம். அவரோ ஜன்னல் வழியாக நேரே நாயுடு கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நாயுடு அட்டையைத் திருப்பித் திருப்பி, ஓரம் முழுக்கச் சுழற்றி நிதானமாகப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"இந்தக் கடுதாசி எழுதுன ஆளும் இங்க உக்காந்து காப்பி குடிக்கிற ஆளும் ஒரே ஆளுதானா, இல்ல உங்க கடையில ரெண்டு மாணிக்கமா?"

கறுப்புக் கரை

அவர் என்னை விடவில்லை, அன்றைக்குச் சிரித்துவிட்டார். ஆனால் ஒரே ஆளை நம்பியிருக்கக் கூடாது என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. கண்டனூர்ப் பக்கத்துப் பெரிய வீடுகளுக்கெல்லாம் விலைப்பட்டியல் அச்சடித்து அனுப்பத் தீர்மானித்தேன். அச்சாபீஸ்காரர், "நல்ல தாளு அண்ணே, மிஞ்சிக் கெடக்கு, ஓரத்துல கரை ஒண்ணு இருக்கு, அம்புட்டுத்தான்" என்று பாதி விலை சொன்னார். நான் அதிலும் பாதி கேட்டு வாங்கினேன். பேரத்தில் ஜெயித்த சந்தோஷத்தில் அந்தக் கரை கறுப்பு என்பது என் கண்ணில் படவில்லை. நாலு பக்கமும் கறுப்புக் கரை, நடுவில் கொட்டை எழுத்தில் 'மாணிக்கம்'.

கறுப்புக் கரை போட்டுச் சாவுச் சேதி வந்த கடுதாசியை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலிலேயே பார்த்துக் கிழித்துப் போட்டுவிட்டுத் தலை முழுகிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். ஒரு வீட்டிலிருந்தும் பதில் வராத காரணம் எனக்கு ஒரு வாரம் புரியவில்லை. அதே வாரம் வைரவனுக்குக் கண்டனூரிலிருந்து மூன்று பேர் போன் செய்தார்கள், எண்ணிக்கொண்டுதானே இருந்தேன். பொறுக்க முடியாமல் ஒரு ஆச்சி வீட்டு வாசலில் போய் நின்றேன். ஆச்சி என்னைப் பார்த்து இரண்டடி பின்னால் போய், பிறகு நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சொன்னார்கள்:

"படிக்கவே இல்லையப்பா, கரையைப் பாத்ததும் கிழிச்சுப் போட்டுட்டுத் தலை முழுகிட்டேன். நீ உசிரோட இருக்கியே, அதுவே சந்தோசம்."

குருத்து இலை

உயிரோடிருந்ததற்குப் பரிசாக ஆச்சி தன் சாமி அறைக்குத் தரை போட எனக்கே சொன்னார்கள். நிறம்தான் முக்கியம் என்றார்கள். கொல்லையில் போய் வாழைக்குருத்து ஒரு துண்டு கிள்ளிக் கொண்டுவந்து, "இந்தப் பச்சை. இதுல இம்மி கூடவும் கூடாது, கொறையவும் கூடாது" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. டெலிபோனில் பச்சையைச் சொல்ல முடியுமா? வைரவன் நாள் பூராவும் காதில் வைத்துக்கொண்டு கத்தினாலும் இந்தப் பச்சை அந்தக் கம்பியில் போகுமா? இலையையே பட்டறைக்கு அனுப்புகிறேன், பார் என்று மனசுக்குள் அவனிடம் சவால் விட்டேன்.

நானே ஆத்தங்குடிக்குப் போயிருக்கலாம். அன்றைக்குப் பார்த்து எதிர்க்கடையில் மணி விடாமல் அடித்தது. யார், எதற்கு என்று தெரியாமல் கடையை விட்டு நகர மனம் வரவில்லை. இலையைக் காகிதத்தில் சுற்றி, "இந்த நிறத்துல கலவை போடச் சொல்லு" என்று பஸ் கண்டக்டரிடம் கொடுத்தேன். பஸ் வழியில் படுத்துவிட்டது. இலை பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தது மறுநாள் சாயங்காலம். பட்டறைக்காரர் சோலை கைராசிக்காரர். சொன்னதைச் செய்வார், கேள்வி கேட்கமாட்டார். கண்ணாடியில் சாயக் கலவை ஊற்றி, கல் வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து அடுக்கிவிட்டுத்தான் எனக்குச் சொல்லி அனுப்பினார். போய்ப் பார்த்தேன். அத்தனை கல்லும் பழுப்பு. வாடிப்போன வாழை இலையின் அசல் பழுப்பு. நான் குதித்த குதியில் பட்டறைக் கோழிகள் கூரையேறின. சோலை அசையவில்லை. உள்ளே போய், அதற்குள் கறுத்துச் சுருண்டிருந்த இலையைப் பத்திரமாக எடுத்துவந்து நீட்டினார்.

"நீங்க அனுப்புன எலை வந்து சேர்ந்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படித்தான் கலந்திருக்கேன். இப்ப இந்தக் கறுப்புத்தான் வேணும்னா அதை முதல்லயே சொல்லியிருக்கணும்ல?"

லாரிக்கு வாழ்த்து

தந்தியில் ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு. தந்தி ஆபீஸில் பேரம் பேசிப் பார்த்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். குமாஸ்தா என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். ஆனால் அங்கே சுவரில் ஒரு பட்டியல் தொங்கியது. தீபாவளி வாழ்த்து, கல்யாண வாழ்த்து, குழந்தை பிறந்ததற்கு வாழ்த்து. எண்ணைச் சொன்னால் போதும், கட்டணம் குறைவு. என் மூளை வேலை செய்தது. நாயுடுவோடு காகிதத்தில் எழுதி ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டேன். தீபாவளி வாழ்த்து வந்தால் ஆர்டர் கிடைத்தது என்று அர்த்தம். கல்யாண வாழ்த்து என்றால் கல் வார்த்தாயிற்று. குழந்தை வாழ்த்து என்றால் லாரி கிளம்பிவிட்டது. டெலிபோன்காரன் ஒரு மாசம் பேசுகிற காசில் நான் ஒரு வருஷம் ஓட்டினேன். அதை நினைத்து வைரவன் கடையைப் பார்த்து ஒருநாள் வாய்விட்டே சிரித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லாரி கிளம்பியது. தந்தி கொடுத்தேன். அன்றைக்கு நாயுடுவின் ஆபீஸ் குமாஸ்தா இல்லை, நாயுடுவும் வெளியூர். தந்தியை வாங்கியது அவர் மனைவி. காலேஜில் படிக்கிற மகள் அதைப் படித்துச் சொன்னாள். தகப்பனாருக்குக் குழந்தை பிறந்ததற்குக் காரைக்குடியிலிருந்து யாரோ வாழ்த்து அனுப்பியிருக்கிறார்கள் என்று.

புதன்கிழமை நாயுடு மனைவியோடு என் கடை வாசலில் காரை விட்டு இறங்கினார். மூன்று நாளில் பாதியாகியிருந்தார். "அந்த ஒப்பந்தக் காகிதத்தை எடுய்யா, இவகிட்டக் காட்டு" என்றார். காட்டினேன். அம்மா படித்தார்கள். நிமிர்ந்து என்னைக் கேட்டார்கள்:

"லாரி கிளம்புனதுக்குப் பிள்ளை பொறந்த வாழ்த்துன்னா, லாரி கவுந்தா என்ன வாழ்த்துய்யா அனுப்புவ?"

மூன்று நிமிஷம்

அன்றைக்கு நடந்த கெடுதல் அதோடு முடியவில்லை. வெயிலில் நின்ற அம்மாவுக்கு எதிர்க்கடையிலிருந்து வைரவன் நாற்காலி கொண்டுவந்து போட்டான், கலர் சோடா வாங்கிக் கொடுத்தான். அப்போது பார்த்து அவன் கடையில் மணி அடித்தது. நாயுடு திரும்பிப் பார்த்தார். பிறகு தன் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்து வைரவனின் போன் நம்பரைக் குறித்துக்கொண்டார். என் கண்ணெதிரே. அவர் மையில் எழுதினார், எனக்கு என் வயிற்றில் எழுதியதுபோல் இருந்தது. இனி அட்டையும் வேண்டாம், வாழ்த்தும் வேண்டாம், வெளியூருக்குப் பதிவு செய்து பேசுகிற டிரங்க் கால்தான் என்று தபாலாபீஸுக்கு நடக்க ஆரம்பித்தேன்.

நேரில் பேரம் பேசும்போது என் பெரிய பலம் வாயை மூடிக்கொண்டிருப்பது. விலையைச் சொல்லிவிட்டு வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எதிராளி தாங்காமல் தானே ஏறி வருவார். டிரங்க் காலில் அந்த வித்தை என்னையே திருப்பிக் கடித்தது. காத்திருந்து காத்திருந்து லைன் கிடைக்கும். கிடைப்பது மூன்று நிமிஷம். காசு கட்டியவன் நான். அந்தப் பக்கம் சத்தமில்லை என்றால் ஓடுவது என் காசு. ஒருநாள் அப்படி நாயுடுவிடம் விலை சொன்னேன். பதிலில்லை. "கேக்குதா?" என்று கத்தினேன். பதிலில்லை. சரி, பிகு பண்ணுகிறார் என்று விலையை இறக்கினேன். அப்போதும் பதிலில்லை. இன்னும் இறக்கினேன். தபாலாபீஸில் ஸ்டாம்பு வாங்க வந்தவர்களெல்லாம் என் விலையைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நேரம் முடிந்தது. ரிசீவரை வைக்கப் போனவனை, எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண் குரல் நிறுத்தியது:

"ஐயா, அவரு முதல் விலைக்கே சரின்னுட்டாரு. நீங்க கத்துன கத்துல அது உங்களுக்குக் கேக்கல, அதுக்கப்புறம் நீங்களா ரெண்டு தடவ கொறைச்சீக."

மாப்பிள்ளை இருக்காரா?

ஒரு தடவை வைரவனுக்குக் கடும் காய்ச்சல். கடையில் அவன் மனைவி மட்டும். "அண்ணே, எனக்கு அந்தப் போனைத் தொடவே பயமா இருக்கு. செத்த நேரம் உக்காந்து வர்றதை எடுத்துப் பேசுங்களேன்" என்று கூப்பிட்டது. நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன நினைப்பீர்களோ அதைத்தான் நானும் நினைத்தேன். இன்றைக்கு அவன் வாடிக்கைக்காரர் அத்தனை பேரையும் மடக்கிவிடலாம். துண்டை உதறிப் போட்டுக்கொண்டு அந்த முக்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் என் கடை எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மணி அடித்தது. பாய்ந்து எடுத்தேன். மாமனார். "மாப்பிள்ளை கடையில இருக்காரா?" காய்ச்சல் என்றேன். மறுபடி மணி. மாமனார். கஷாயம் குடித்தாரா. மறுபடி மணி. காலையில் எத்தனை பேர் கடை ஏறினார்கள், சில்லறை ஒழுங்காக இருக்கிறதா, கடை வாசல் தெளித்தார்களா. சாயங்காலத்துக்குள் ஆறு தடவை மணி அடித்தது, ஆறும் அவர்தான். அத்தனை வருஷமாக நான் பல்லைக் கடித்து எண்ணிய மணியில் பாதிக்கு மேல் இந்த விசாரணைதான் போலும். வைரவன் எழுந்து நின்று குழைந்ததெல்லாம் இதற்குத்தான். பொறாமை அன்றோடு விட்டிருக்க வேண்டும். விடவில்லை. தினம் ஆறு தடவை விசாரிக்க எனக்கு யார் இருக்கிறார்கள் என்று அது வேறு பக்கமாக எரிந்தது. ஏழாவது தடவை மாமனார் கேட்டார்:

"நீ யாருப்பா புதுசா? எங்க மாப்பிள்ளையைவிட நீ பொறுமையாப் பதில் சொல்றே, நாளைக்கும் நீயே எடு."

என் மணி

அதற்கப்புறமும் நான் டெலிபோனுக்கு மனுப் போட்டேன் என்றால் என் புத்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வருஷக்கணக்கில் நடையாய் நடந்து, எழுபதுகளில் ஒருவழியாகக் கொண்டுவந்து மாட்டினார்கள். வைரவனுடையது முக்காலியில் இருந்தது. நான் தேக்கில் மேஜையே செய்தேன். நாயுடுவுக்கு நம்பரை அட்டையில் எழுதிப் போட்டேன். முதல் நாள் மணி அடிக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. எதிரில் அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் வைரவன் வெற்றிலை மென்றுகொண்டே என் போனைப் பார்த்து, "பேசுமா?" என்று கேட்டான்.

மத்தியானம் அழகம்மையைக் கடையில் உட்கார வைத்துவிட்டுத் தபாலாபீஸுக்குப் போய், காசு கட்டி, என் கடைக்கு நானே போன் செய்தேன். அவள் எடுத்தாள். "எங்க இருந்து பேசுறீக?" என்றாள். "அது கெடக்கட்டும், மணி நல்லாச் சத்தமா அடிச்சுச்சா? எதிர்த்தாப்புல கேட்டுச்சா?" என்றேன். அவள் யாரோடோ பேசுவது கேட்டது. பிறகு சொன்னாள்:

"நல்லாக் கேட்டுச்சு. வைரவண்ணே ஓடியாந்து, 'என்ன தங்கச்சி, ஏதோ சத்தம் வந்துச்சே, பாத்திரம் விழுந்துருச்சா'ன்னு கேட்டுட்டுப் போறாரு."

மண்டபத்துத் தரை

நாயுடுவுக்கு மதுரையில் ஒரு கல்யாண மண்டபம் கட்டும் வேலை கிடைத்தது. என் ஆயுசில் அவ்வளவு பெரிய தரைக்கு நான் கல் கொடுத்ததில்லை. அவர் கடிதம் போட்டிருந்தார்: 'வெள்ளிக்கிழமை காலை போனில் கூப்பிடுவேன். விலையை ஒரே பேச்சில் முடிக்க வேண்டும். மண்டபத்துக்காரர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.' வியாழன் ராத்திரி நல்ல மழை. வெள்ளிக்கிழமை விடிய மேஜை முன்னால் உட்கார்ந்தேன். ரிசீவரைத் தொடவே இல்லை. நான் எடுத்துப் பார்க்கிற நேரத்தில் அவர் கூப்பிட்டு, லைன் கிடைக்காமல் போய்விட்டால்? யாரையும் மேஜைப் பக்கம் அண்டவிடவில்லை.

எதிர்க்கடையில் மணி அடித்தது. வைரவன் வாசலுக்கு வந்தான். "மாணிக்கம், உனக்குப் போன்!" என்றான். தெருவே திரும்பியது. "நாயுடு லைன்ல இருக்காரு. ஓடியா!" எனக்கு உச்சிவரை ஏறியது. தேக்கு மேஜை போட்டு நான் போன் வைத்திருக்கையில், ஊர் பார்க்க அவன் கடைப்படி ஏறி அவன் போனைக் கையேந்தி வாங்குவதா? "எனக்கே போன் இருக்குய்யா! என் நம்பருக்கு அடிக்கச் சொல்லு!" என்றேன். உள்ளே போய்த் திரும்பி வந்தான். "உன் நம்பர் போகவே மாட்டேங்குதாம். கோவத்தைத் தூக்கிப் போட்டுட்டு வாய்யா!" "போகும்! அவரை அடிக்கச் சொல்லு! நீ உன் சோலியைப் பாரு!" அவன் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான். அப்புறம்தான் என் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். கல்லைக் காதில் வைத்ததுபோல் இருந்தது. மழையில் லைன் செத்துப்போயிருந்தது. துண்டு கீழே விழத் தெருவைக் கடந்து ஓடினேன். வைரவன் ரிசீவரை வைத்துவிட்டு நின்றிருந்தான். அவன் முகத்தில் சிரிப்பு இருந்திருந்தால் அடித்திருப்பேன். இல்லை.

"மூணு நிமிசம் முடிஞ்சுபோச்சு. நீ வரலைன்னதும் என்ன வெலைன்னு என்கிட்டக் கேட்டாரு, நான் ஒண்ணச் சொன்னேன், சரின்னுட்டாரு."

துண்டுக்கு அடியில்

மூன்று நாள் கடையைத் திறந்துவைத்துக்கொண்டு எதிர்க்கடைப் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தேன். நாயுடு போனார், இனி சும்மாடுதான். நாலாம் நாள் காலையில் வைரவன் தெருவைக் கடந்து என் கடைக்கு வந்து நின்றான். விஷயம் இதுதான். மண்டபத்துக்காரர் கேட்டது மயில்கழுத்து நிறத்தில் ஒரு சுருள்பூ. அந்தப் பூவுக்கு அச்சு நான் காசு போட்டுச் செய்வித்தது. சோலையின் பட்டறையில் என் பெயரில் பூட்டியிருக்கிறது. வேறு அச்சு செய்து வார்ப்பதற்குள் முகூர்த்தம் வந்துவிடும். ஆர்டர் அவன் கையில், கல் என் கையில். நான் வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் ஆள் கூட ஆரம்பித்தது. டீக்கடைக்காரர் கிளாஸோடு வந்து நின்றார். எல்லாருக்கும் விலை தெரியவேண்டும்.

வைரவன் சுற்றிலும் பார்த்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து என் வலதுகைமேல் போட்டு, அதற்கு அடியில் தன் கையை விட்டான். மாட்டுச் சந்தைத் தரகர்கள் செய்வதுதான். எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அதுதான் விலை, பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு பங்கு விலை கேட்டு அவனைக் கதறவைக்க வேண்டும் என்றுதான் இருந்தேன். அவன் கையைப் பிடித்தேன். இத்தனை வருஷமாக டெலிபோன் பிடித்த கை, வழுவழுவென்று இருக்கும் என்று எண்ணியிருந்தேன். சிமெண்டு தின்று, வெடித்து, என் கையைவிட மோசமாகக் காய்த்துப்போயிருந்தது. இன்னமும் அவனே லோடு இறக்குகிறான் என்பது எதிர்க்கடையிலிருந்த எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்ததெல்லாம் அந்த முக்காலியைத்தான். பிடிக்க நினைத்ததில் ஒரு விரலைக் குறைத்துக்கொண்டேன். அவன் ஒரு விரலைக் கூட்டினான். இரண்டு பேருக்கும் நஷ்டமில்லாத இடத்தில் நின்றோம். மண்டபத்துத் தரை அவன் பேரில், என் கல்லில் போனது. அதற்கப்புறம் நாயுடு பாதி நாள் என் நம்பருக்கும் பாதி நாள் அவன் நம்பருக்கும் கூப்பிட்டார். நான் சும்மாடு வைக்கவில்லை. ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்குத் துண்டுக்கு அடியில் நான் என்ன நினைத்துக்கொண்டு நின்றேனோ தெரியாது, அவன் கடையில் மணி அடித்து அடித்து ஓய்ந்தது, அவன் போகவில்லை. கடைசியில் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"விரலை விடுய்யா மாணிக்கம், வெலை முடிஞ்சு ரொம்ப நேரமாச்சு."

கோபத்தை அட்டையிலும், நிறத்தை இலையிலும், சந்தோஷத்தைத் தந்தியிலும், பேரத்தை டெலிபோனிலும் அனுப்பிக் கெட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், பொறாமையை மட்டும் எதிலும் அனுப்பத் தேவையில்லை, ஸ்டாம்பு ஒட்டாமலே எதிர்க்கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.